கம்ப்யூட்டர் மீட்டருக்கும் கொஞ்சம் பிழை வேண்டும்!

மாணவர்களும் பெற்றோர்களும் யோசிக்க வேண்டிய விஷயம்

உங்கள் வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறதா?

இருந்தால், அதன் பக்கத்துச் சுவரில் ஒரு சிறு பெட்டி தொங்கலாம். அதன் பெயர் ஸ்டெபிலைசர்.

மின்சாரம் ஏறி இறங்கும்போது அந்தப் பெட்டி "டக், டக்" என்று சத்தம் போடும். வோல்டேஜ் மிகவும் குறைந்துவிட்டால் பிரிட்ஜுக்குப் போகும் கரண்டையே நிறுத்திவிடும். அதனால்தான் பிரிட்ஜ் மோட்டார் எரிந்துபோகாமல் தப்புகிறது.

வோல்டேஜ் குறைந்தது என்று அந்தப் பெட்டிக்கு யார் சொன்னார்கள்?

அதற்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான். இரவு, பகல் பார்க்காமல் அளந்துகொண்டே இருக்கிறான். அவன் பெயர் "வோல்டேஜ் சென்சார்". தமிழில் "மின் அழுத்த உணரி" என்று சொல்வார்கள்.

வீட்டு இன்வெர்ட்டரில் அவன் உண்டு. கம்ப்யூட்டருக்குக் கரண்டு கொடுக்கும் யு.பி.எஸ். பெட்டியிலும் உண்டு. பெரிய மின்சார நிலையங்களிலும் உண்டு.

காவல்காரன் பொய் சொன்னால் என்ன ஆகும்?

வீட்டில் என்றால் மோட்டார் எரியும். கடலில் என்றால் படகுக்காரர் தவிப்பார். பெரிய ஆலையில் என்றால் ஊரே பயப்பட வேண்டிவரும்.

ஆனால் நம் கல்லூரிப் பிள்ளைகள் பாடம் படிக்கும் கம்ப்யூட்டர் உலகத்தில், இந்தக் காவல்காரன் பொய்யே சொல்வதில்லை. தப்பே செய்வதில்லை. எரிவதும் இல்லை.

அதுதான் ஆபத்து! அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வோல்டேஜ் என்றால் என்ன?

மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. கீழே குழாயைத் திறந்தால் தண்ணீர் வேகமாக வருகிறது. தொட்டியை இன்னும் உயரத்தில் வைத்தால் இன்னும் வேகமாக வரும். தண்ணீரைத் தள்ளும் அந்த அழுத்தத்தைப் போன்றதுதான் வோல்டேஜ். மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம் அது.

நம் வீட்டுக்கு வரவேண்டிய அழுத்தம் 230 வோல்ட். சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கும் மின்விசிறியும் ஓடும்போது அது குறையும். நள்ளிரவில் எல்லோரும் தூங்கும்போது ஏறும். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீட்டில் ஓர் அளவு இருக்கும். தெருக் கோடி வீட்டில் வேறு அளவு இருக்கும்.

இதை அளப்பதற்குத்தான் சென்சார்.

கம்ப்யூட்டருக்குள் ஒரு பட்டறை

செங்கல்பட்டு 2019-ம் ஆண்டில் தனி மாவட்டம் ஆனது. வண்டலூர், காட்டாங்கொளத்தூர், கேளம்பாக்கம் என்று இந்த மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் கல்லூரிப் பேருந்துகளைப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இங்கே என்ஜினீயரிங் படிக்கிறார்கள்.

அந்தக் காலத்து மாணவர் முதலில் சாமான் வாங்குவார். ஒயரை ஒட்டுவார். சுவிட்சைப் போடுவார். புகை வந்தால் மறுபடியும் சாமான் வாங்குவார்.

இன்று அப்படி இல்லை. கம்ப்யூட்டர் திரையிலேயே படம் போடுகிறார்கள். இங்கே ஒரு பேட்டரி. அங்கே ஒரு விளக்கு. நடுவே ஒரு சென்சார். எல்லாம் பொம்மைதான். ஆனால் திரையில் ஒரு பொத்தானை அமுக்கினால், உண்மையில் என்ன நடக்குமோ அதைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. இதற்கு "சிமுலேஷன்" என்று பெயர்.

2022-ம் ஆண்டில் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது நினைவிருக்கிறதா? உலகமே வந்து விளையாடியது. அந்த வீரர்கள் என்ன செய்தார்கள்? காயைத் தொடும் முன்பே, "இதை இங்கே வைத்தால் அவன் அங்கே வருவான், பிறகு நான் இப்படிப் போவேன்" என்று மனத்துக்குள்ளேயே ஆடிப் பார்த்தார்கள்.

சிமுலேஷனும் அதே போலத்தான். சாமானைத் தொடும் முன்பே ஆடிப் பார்ப்பது.

இந்த வித்தை எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் பெர்க்லி என்ற ஊரில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே லாரன்ஸ் நாகெல் என்ற மாணவர் ஒரு புரோகிராம் எழுதினார். அவருக்கு வழிகாட்டியவர் டொனால்டு பெடர்சன் என்ற பேராசிரியர். 1973-ம் ஆண்டில் அது வெளிவந்தது. அதன் பெயர் "ஸ்பைஸ்".

அதை அவர்கள் பூட்டி வைக்கவில்லை. உலகத்துக்குப் பொதுவாக்கினார்கள். இன்று மின்சுற்று சிமுலேஷன் செய்யும் புரோகிராம்களில் பல, அந்த ஸ்பைஸின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

பொம்மைக்கும் ஓர் இலக்கணம்

திரையில் ஒரு சென்சார் படத்தைப் போட்டுவிட்டால் போதாது. "இத்தனை வோல்ட் வந்தால் நீ இத்தனை காட்ட வேண்டும்" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்தச் சொல்லிக் கொடுத்தலுக்கு "மாடல்" என்று பெயர். "மாதிரி" என்று சொல்லலாம்.

கடையில் விற்கும் எல்லாச் சென்சாருக்கும் புரோகிராமில் மாதிரி இருக்காது. அப்போது மாணவர்கள் யாராவது எழுதிய மாதிரியை எடுத்து வந்து சேர்த்துக்கொள்வார்கள். நல்ல காரியம்தான். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த மாதிரி எப்படிப்பட்டது என்று யாராவது பார்க்கிறோமா? அதுதான் கேள்வி.

பல மாதிரிகள் ஒரே ஒரு வரிக் கணக்குத்தான். "வந்ததை ஐந்தால் வகுத்துக் கொடு." அவ்வளவுதான். வெயில் தெரியாது. மழை தெரியாது. உப்புக் காற்று தெரியாது. ஆயிரம் வோல்ட் கொடுத்தாலும் அசையாமல் நிற்கும்.

இப்படிப்பட்ட சத்தியவானை எந்தக் கடையில் வாங்க முடியும்?

ஒரு சோறு பதம்

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பார்கள். சோறு வெந்ததா என்று பார்க்க ஒரு பருக்கையை எடுத்து நசுக்குகிறோம். பானை நிறையச் சோறு இருந்தால் ஒரு பருக்கை போவது தெரியாது. பானையில் பத்தே பருக்கை இருந்தால்? ஒன்று போனாலும் தெரியும்!

மீட்டரும் அப்படித்தான். வோல்டேஜை அளக்க, அது கொஞ்சம் கரண்டைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. சிமுலேஷனில் இருக்கும் சாதாரண மீட்டர் ஒரு துளியும் எடுக்காது. பதம் பார்க்கும், பருக்கை குறையாது!

ஒரு கணக்கைப் பாருங்கள். 10 வோல்ட் பேட்டரி. அதில் 10 லட்சம் ஓம் தடை இரண்டு, வரிசையாகச் சேர்ந்திருக்கின்றன. நடுவில் எவ்வளவு இருக்கும்? பாதி. 5 வோல்ட். கம்ப்யூட்டர் மீட்டர் 5 என்று காட்டும்.

உண்மையான டிஜிட்டல் மீட்டரை வைத்துப் பாருங்கள். பல மீட்டர்களின் உள் தடை 1 கோடி ஓம். அது காட்டுவது சுமார் 4.76 வோல்ட்.

கால் வோல்ட் எங்கே போனது? மீட்டர் பதம் பார்த்த பருக்கை அது!

படகுக்காரர் பேட்டரி

இதெல்லாம் சின்ன வித்தியாசம்தானே என்று நினைக்காதீர்கள். இன்னொரு கணக்கு இதோ.

கடைகளில் மலிவாக ஒரு வோல்டேஜ் சென்சார் கிடைக்கிறது. நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பலகை. அதில் இரண்டு தடைகள். ஒன்று 30,000 ஓம். மற்றது 7,500 ஓம். வரும் வோல்டேஜில் ஐந்தில் ஒரு பங்கை அது கொடுக்கும். 12 வோல்ட் பேட்டரியில் மாட்டினால் 2.4 வோல்ட் வரும். அதைச் சிறு கம்ப்யூட்டர் ஐந்தால் பெருக்கி, "12" என்று காட்டும்.

சிமுலேஷனில் எப்போதும் சரியாக 12-தான்.

ஆனால் தடைகள் என்பவை தொழிற்சாலையில் செய்த சாமான்கள். சாதாரணத் தடைகளில் நூற்றுக்கு ஐந்து கூடக் குறைய இருக்கலாம். ஒன்று கூடி மற்றது குறைந்தால், 12 வோல்ட் பேட்டரியை அந்தச் சென்சார் சுமார் 11.1 என்று காட்டும். மாறிப்போனால் சுமார் 13 என்று காட்டும்!

இதில் என்ன மோசம் என்கிறீர்களா?

12 வோல்ட் ஈய பேட்டரி முழுக்க சார்ஜ் ஏறி ஓய்வில் இருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் இருக்கும். 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. நிறைந்த வயிற்றுக்கும் பசித்த வயிற்றுக்கும் ஒரு வோல்ட்கூட வித்தியாசம் இல்லை. சென்சாரின் பிழையோ இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று!

தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று இந்தக் கரை முழுவதும் மீனவர் குப்பங்கள். இரவில் கடலுக்குப் போகும் படகில் விளக்குக்கும் வழிகாட்டும் கருவிக்கும் பேட்டரி வேண்டும். கல்லூரி மாணவர் ஒருவர் நல்ல எண்ணத்தோடு, "அண்ணே, உங்கள் பேட்டரி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டும் கருவி செய்திருக்கிறேன்" என்று கொண்டுவந்து கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

கருவி "13 வோல்ட், நிறைய இருக்கிறது" என்கிறது. உண்மையில் பேட்டரி தீரும் நிலையில் இருக்கிறது. நடுக்கடலில் விளக்கு அணைந்தால் யார் பதில் சொல்வது?

சிமுலேஷனில் எல்லாம் சரியாக வந்ததே என்று மாணவர் சொல்வார். அவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் கடலுக்குப் போனது சிமுலேஷன் அல்லவே!

இதற்கு மருந்து பெரிய செலவு இல்லை. நூற்றுக்கு ஒன்றுதான் கூடக் குறைய இருக்கும் என்ற நல்ல தடைகளும் கிடைக்கின்றன. ஒரு தரமான மீட்டரை வைத்து ஒருமுறை ஒத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் பிழை வரும் என்று முதலில் தெரிந்தால்தானே மருந்து தேடுவார்கள்?

230-ஆ, 325-ஆ?

வீட்டு மின்சாரம் பேட்டரி போல ஒரே நிலையில் நிற்பதில்லை. கடல் அலை போல ஏறி இறங்குகிறது. ஒரு நொடிக்கு 50 அலை. 230 வோல்ட் என்று நாம் சொல்வது ஒருவகைச் சராசரி. அலையின் உச்சி 325 வோல்ட்!

ஸ்பைஸ் வகைப் புரோகிராமில் அலை மின்சாரத்தைப் போடும்போது, உச்சி எவ்வளவு என்றுதான் அது கேட்கும். புதிதாகப் படிக்கும் பிள்ளைகள் அந்த இடத்தில் "230" என்று போட்டுவிட்டால், கம்ப்யூட்டர் தருவது நம் வீட்டுக் கணக்கில் சுமார் 163 வோல்ட்தான். அதை வைத்துக் கருவி செய்தால், உண்மையான பிளக்கில் மாட்டும்போது என்ன ஆகும்?

கம்ப்யூட்டர் எச்சரிக்குமா? எச்சரிக்காது. சொன்னதைச் செய்யும். அவ்வளவுதான்.

உயிர் போகும் விஷயம்

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது.

முன்னே சொன்ன இரண்டு தடைச் சென்சார் பேட்டரிக்கு மட்டும்தான். அதை வீட்டுப் பிளக்கில் மாட்டக் கூடாது. ஏன்? அதில் கரண்டு வரும் பக்கமும் நாம் தொடும் பக்கமும் ஒரே கம்பியில் சேர்ந்திருக்கின்றன. நடுவில் வேலி இல்லை.

வீட்டு மின்சாரத்தை அளக்க வேறு வகைச் சென்சார் உண்டு. அதில் ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர் இருக்கும். இந்தப் பக்கக் கம்பியும் அந்தப் பக்கக் கம்பியும் ஒன்றை ஒன்று தொடாது. காந்த சக்தி மட்டும் நடுவில் சேதி சொல்லும். அது வேலி போட்ட சென்சார். சரியாக மாட்டினால் பாதுகாப்பு.

சிமுலேஷனில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிறதா? தெரிவதில்லை! இரண்டும் திரையில் சாதுவாக எண்களைக் காட்டுகின்றன. வேலி இல்லாததை 230 வோல்ட்டில் மாட்டினாலும் கம்ப்யூட்டர் சிரித்துக்கொண்டே விடை சொல்கிறது. அதே பழக்கத்தில் மாணவர் வீட்டுப் பிளக்கில் கை வைத்தால்?

ஆகவே சென்சார் மாதிரி எழுதுகிறவர்கள் அதில் ஓர் எல்லையும் எழுத வேண்டும். "25 வோல்ட்டுக்கு மேல் வந்தால் நான் எரிந்துபோனேன்" என்று அது சொல்ல வேண்டும். திரையில் சிவப்பாக ஓர் எச்சரிக்கை வர வேண்டும். திரையில் எரிந்தால் நஷ்டம் இல்லை. பாடம்தான் லாபம்.

உப்புக் காற்று

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைப் பாருங்கள். சுமார் 1,300 ஆண்டுகளாக நிற்கிறது. அந்தக் கல்லையே உப்புக் காற்று அரித்திருக்கிறது. அதைக் காப்பாற்ற அலைத் தடுப்புக் கற்களைப் போட்டிருக்கிறார்கள். சவுக்கு மரங்களை வளர்த்திருக்கிறார்கள்.

கல்லையே அரிக்கும் காற்று, செம்புக் கம்பியை விட்டுவைக்குமா?

இந்தக் கரையோரம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். பூட்டு துருப்பிடிக்கும். ஜன்னல் கம்பி உதிரும். மின்சார இணைப்பில் துரு ஏறினால் தடை கூடும். பலகையின் மேல் உப்பும் ஈரமும் படிந்தால், கரண்டு போகக் கூடாத வழியில் கசியும். சென்சார் காட்டும் எண் மெல்ல மெல்ல மாறும்.

வெளிநாட்டில் குளிர் அறையில் உட்கார்ந்து மாதிரி எழுதியவருக்குக் கொக்கிலமேட்டுக் காற்று தெரியுமா? அதை நம் பிள்ளைகள்தான் எழுத வேண்டும்.

பென்சில்வேனியாவில் ஒரு விளக்கு

கருவியை நம்பி ஏமாந்த கதை ஒன்றை உலகமே அறியும்.

1979-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம். திரீ மைல் ஐலண்டு என்ற அணுமின் நிலையம்.

அணு உலையில் இருந்த ஒரு வால்வு திறந்தது. மறுபடி மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. சிக்கிக்கொண்டது. உலையைக் குளிர்விக்கும் தண்ணீர் வெளியே போய்க்கொண்டிருந்தது.

கட்டுப்பாட்டு அறையில் அதற்கு ஒரு விளக்கு உண்டு. விளக்கு அணைந்திருந்தது. "வால்வு மூடிவிட்டது" என்று ஊழியர்கள் நினைத்தார்கள்.

ஆனால் அந்த விளக்கு வால்வைப் பார்க்கவே இல்லை! "மூடு" என்ற கட்டளை போனதை மட்டும்தான் அது பார்த்தது. கட்டளை போனது. வால்வு மூடவில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் உண்மை புரியவில்லை. அதற்குள் உலையின் உட்பகுதியில் பெரும் பகுதி சேதமாகி, உருகத் தொடங்கிவிட்டது.

அதன் பிறகு உலகம் முழுவதும், ஊழியர்களைச் சிமுலேட்டரில் வைத்துப் பழக்குவதற்கு முக்கியத்துவம் கூடியது. வெறும் பழக்கம் அல்ல. கருவி கெட்டுப்போனால், மீட்டர் பொய் சொன்னால் என்ன செய்வது என்ற பழக்கம்.

கல்பாக்கம் சொல்லும் பாடம்

நம் பக்கத்திலேயே கல்பாக்கம் இருக்கிறது. மாமல்லபுரத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். அங்கே சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1984-ல் மின்சார விற்பனையைத் தொடங்கியது. இரண்டாவது உலை 1986-ல் தொடங்கியது.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தபோது, அங்கே பம்பு அறைக்குள் கடல் நீர் புகுந்தது. அப்போது ஓடிக்கொண்டிருந்த 2-வது உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் ஊழியர்களுக்குக் கண் எது? காது எது? சென்சார்கள்தான்.

கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், 500 மெகாவாட் ஈனுலைக்காக ஒரு பயிற்சிச் சிமுலேட்டரை உருவாக்கியது. உண்மையான கட்டுப்பாட்டு அறை எப்படியோ, அப்படியே ஓர் அறை. அங்கே உலை இல்லை. உலை போல நடக்கும் கம்ப்யூட்டர்தான் இருக்கிறது. பயிற்சி பெறுகிறவர் அங்கே தப்புச் செய்யலாம். யாருக்கும் ஆபத்து இல்லை.

இப்படிப்பட்ட சிமுலேட்டர்களில் வாத்தியார் வேண்டுமென்றே கோளாறு உண்டாக்குவார். அதைக் கண்டுபிடிப்பதுதான் பரீட்சை.

இன்னொரு விஷயம். அணு உலையில் முக்கியமான அளவுகளுக்கு ஒரே சென்சாரை நம்புவதில்லை. மூன்று வைப்பார்கள். மூன்றில் இரண்டு சொல்வதே முடிவு. ஊர்ப் பஞ்சாயத்தில் மூன்று பேரைச் சாட்சி விசாரிப்பது போல!

பெரிய இடத்தில் சென்சாரைச் சந்தேகப்படச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கல்லூரியில் மட்டும் சென்சாரைத் தெய்வமாக நம்பச் சொல்லிக் கொடுக்கலாமா?

"குழந்தையைக் குழப்பாதீர்கள்!"

இதற்கு மறுப்புச் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதையும் கேட்போம்.

"முதல் வருடப் பிள்ளைக்கு இதெல்லாம் சொன்னால் குழம்பிப்போவான். முதலில் சுத்தமான கணக்கு தெரியட்டும்" என்கிறார்கள்.

நியாயம்தான். சைக்கிள் பழகும்போது முதலில் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுகிறோம். ஆனால் கடைசி வரை பிடித்துக்கொண்டே ஓடினால் அவன் சைக்கிள் பழகினான் என்று சொல்ல முடியுமா? முதல் வருடம் சுத்தமான மீட்டர் இருக்கட்டும். பட்டம் வாங்கும் முன்பு கையை விட வேண்டும்.

"புரோகிராமிலேயே வசதி இருக்கிறதே. சாமானின் அளவை மாற்றி மாற்றி நூறு தடவை ஓட்டிப் பார்க்கலாமே" என்கிறார்கள் இன்னும் சிலர்.

உண்மை. வசதி இருக்கிறது. வீட்டில் திருக்குறள் புத்தகமும் இருக்கிறது. யார் எடுத்துப் படிக்கிறார்கள்? படிக்கச் சொல்லி மதிப்பெண் கொடுத்தால் படிப்பார்கள்.

"சிமுலேஷனே வேண்டாம். நேராகச் சாமானை வாங்கிச் செய்யட்டும்" என்று சொல்பவர்களும் உண்டு.

ஏழை வீட்டுப் பிள்ளை எத்தனை முறை சாமான் வாங்குவான்? 230 வோல்ட்டில் கை வைத்துப் பாடம் படிக்க முடியுமா? சிமுலேஷன் வேண்டும். உண்மை பேசும் சிமுலேஷனாக வேண்டும். அவ்வளவுதான்.

சிற்பியைப் பாருங்கள்

மாமல்லபுரத்தில் இன்றும் உளிச் சத்தம் கேட்கிறது. 1957-ல் அங்கே அரசு சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கியது. இன்று அது கல்லூரியாக வளர்ந்திருக்கிறது.

சிற்பி முதலில் அளவு போட்டுப் படம் வரைகிறார். அதுவும் ஒருவகை சிமுலேஷன்தான். ஆனால் படத்தை மட்டும் நம்பி உளியை எடுப்பதில்லை. கல்லைத் தட்டிப் பார்க்கிறார். சத்தத்தைக் கேட்கிறார். உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சோதிக்கிறார். படத்தில் விரிசல் இருக்காது. கல்லில் இருக்கும்.

என்ஜினீயருக்கும் அந்தப் புத்தி வேண்டும்.

என்ன செய்யலாம்?

கல்லூரிகளுக்கு மூன்று யோசனைகள்.

முதல் யோசனை: சென்சார் வைத்துச் செய்யும் எந்தப் புராஜெக்ட்டையும் சிமுலேஷனில் மூன்று தடவை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சென்சார் சரியாக இருக்கும்போது ஒன்று. கூடக் காட்டும்போது ஒன்று. குறைத்துக் காட்டும்போது ஒன்று. மூன்றிலும் கருவி ஆபத்து இல்லாமல் நடந்தால்தான் மதிப்பெண்.

இரண்டாவது யோசனை: மாணவர் தன் வீட்டு வோல்டேஜை ஒரு வாரம் எழுதி வரட்டும். காலை, மாலை, இரவு. அந்த எண்களைச் சிமுலேஷனில் போடட்டும். புத்தகத்து 230 வேண்டாம். தன் தெருவின் வோல்டேஜ் வேண்டும். ஒன்று ஞாபகம் இருக்கட்டும். கம்பியை நோண்டி அளக்கக் கூடாது. பிளக்கில் செருகினால் எண் காட்டும் மீட்டர் கிடைக்கிறது. அது போதும்.

மூன்றாவது யோசனை: இப்படி எழுதிய மாதிரிகளை ஊருக்குப் பொதுவாக்குங்கள். பம்பாய் ஐ.ஐ.டி.யில் "பாஸ்ஸி" என்ற திட்டம் நடக்கிறது. அதை முன்னின்று வளர்த்தவர்களில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா ஒருவர். அந்தத் திட்டத்தில் பிறந்ததுதான் "ஈசிம்" என்ற சிமுலேஷன் புரோகிராம். இலவசம். திருட்டுப் பிரதி தேட வேண்டாம். காசு கட்டவும் வேண்டாம். மாணவர்கள் தாங்கள் எழுதிய மின்சுற்றுகளையும் மாதிரிகளையும் அதில் சேர்க்க வழி இருக்கிறது.

பெர்க்லியில் ஒரு மாணவர் எழுதியது உலகத்துக்கு உதவியது. செங்கல்பட்டில் ஒரு மாணவி எழுதுவது ஏன் உதவக் கூடாது? "உப்புக் காற்றில் மூன்று வருடம் இருந்த வோல்டேஜ் சென்சார்" என்று ஒரு மாதிரியை அவள் எழுதிச் சேர்த்தால், தூத்துக்குடி மாணவருக்கும் பயன்படும். யாழ்ப்பாணத்து மாணவருக்கும் பயன்படும்.

பெற்றோர்களே, கேளுங்கள்!

"எங்களுக்கு மின்சாரம் பற்றி என்ன தெரியும்? பிள்ளை ஏதோ படிக்கிறான்" என்று ஒதுங்க வேண்டாம். பிள்ளை கம்ப்யூட்டரைக் காட்டி, "அம்மா, புராஜெக்ட் முடிந்துவிட்டது" என்று சொல்லும்போது மூன்று கேள்வி கேளுங்கள்.

"இந்த மீட்டர் தப்பாகச் சொன்னால் என்ன ஆகும்?"

"வோல்டேஜ் திடீரென்று ஏறினால் முதலில் எது புகையும்?"

"நம் வீட்டு வோல்டேஜை அளந்து பார்த்தாயா?"

மூன்றுக்கும் பதில் சொன்னால், பிள்ளை நன்றாகப் படிக்கிறான் என்று சந்தோஷப்படுங்கள். பதில் சொல்லாமல் தலையைச் சொறிந்தால், "புராஜெக்ட் இன்னும் முடியவில்லை, ராஜா" என்று அன்பாகச் சொல்லுங்கள்.

அவன் செய்யும் கருவி நாளை யார் வீட்டுச் சுவரில் தொங்கப்போகிறதோ! யார் படகில் ஏறப்போகிறதோ! அந்த வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள். அந்தப் படகுக்காரருக்காகவும் கரையில் ஒரு குடும்பம் காத்திருக்கும்.